1183ஆம் எண் புத்தகத்தின் கடைசிப் பதினான்கு பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் மழை பெய்தது, ஒரு முகம் மனதில் நிழலாடியது என்று எதையாவது சொல்வார்கள். நம்பாதீர்கள்.

2012 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். சிதம்பரத்தில் ஒரு பள்ளியிலிருந்து சந்திரலேகா என்ற ஆசிரியை பேசினார். "சார், உங்க ஸ்கூல்லேருந்து இசைவாணின்னு ஒரு பொண்ணு வந்து இங்க டென்த்ல சேர்ந்திருக்கு. லைப்ரரில ஒரு பொறுப்பு குடுக்கலாம்னு பாக்கறோம். அங்க ஏதோ பிரச்சனைன்னு காதுல விழுந்துச்சு. நம்பிக் குடுக்கலாங்களா?"

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான், "ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம், சொல்றேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் கண்ணாயிரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கூடுதலாக நூலகப் பொறுப்பும் என் தலையில் இருக்கிறது. (எந்தப் பள்ளி என்று தேடாதீர்கள். பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை என்றால் நம்புவீர்களா?)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"இசைவாணி பொய் சொல்லத் தெரியாத பெண்." அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே ஒருத்திக்கு நற்சான்றிதழ் கொடுத்தால், இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றத்தான் வேண்டும்.

"இசைவாணி பொய் சொன்னாள்." இதையும் அடித்துவிட்டேன். பத்து மாதம் நான் நிம்மதியாகத் தூங்கியது இந்த வாக்கியத்தின் மேல்தான்.

"பள்ளி நூலகம் என்பது அறிவின்—" இதை முடிக்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் நூலகம் என்பது ஐந்து பீரோ, ஒரு நீள மேசை, ஒரு ரெஜிஸ்டர், ஒரு சாவிக்கொத்து. புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் என்னைப் போன்ற பொறுப்பாளர்கள் செய்யும் காரியம் ஒன்றே ஒன்றுதான்: பூட்டி வைப்பது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் எடுக்கத் திறப்பேன். அலுவலக உதவியாளர் தைலம்மாள் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எண்ணையும் பெயரையும் அதன் நிலைமையையும் உரக்கச் சொல்வார். நான் ரெஜிஸ்டரில் டிக் அடித்து, குறிப்பு என்ற கட்டத்தில் 'அட்டை கிழிந்தது', 'கரையான்' என்று எழுதுவேன். பிறகு பூட்டிவிடுவேன். புத்தகத்தை நான் தொட்டதில்லை. ரெஜிஸ்டரைத்தான் தொட்டேன்.*

* இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு கெட்ட அபிப்பிராயம் வந்திருந்தால், அவசரப்படாதீர்கள். இன்னும் இருக்கிறது.

3

2011 ஜூனில் கம்ப்யூட்டர் ஆசிரியர் இளவரசு ஒரு யோசனையோடு வந்தார். யோசனையோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"சார், இதுக்குப் பேரு பாட்காஸ்ட். படிச்ச புக்கப் பத்திப் பசங்க மூணு நிமிஷம் பேசுவாங்க. நாம ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருவோம். எப்ப வேணா, யாரு வேணா கேட்டுக்கலாம்."

"ரேடியோன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான சார்? அதுக்கு எதுக்கு ஒரு இங்கிலீசு பேரு?" என்றார் தைலம்மாள்.

தலைமையாசிரியருக்குப் பிடித்துப் போயிற்று. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட ஏதாவது வேண்டுமே. இளவரசு இரண்டு விதி போட்டார். ஒன்று, முடிவைச் சொல்லக் கூடாது. இரண்டு, பேச்சின் கடைசியில் புத்தகத்தின் எண்ணையும் எந்த பீரோ என்பதையும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் நூலக வராந்தாவில் ஸ்பீக்கரில் ஓடும். பிள்ளைகள் அதை புளூடூத்தில் அப்பா, மாமா போனுக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முதல் மாதம் எல்லாரும் அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததை ஒப்பித்தார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரும் பீரோ பக்கம் வரவில்லை.

அப்புறம் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு இசைவாணி பேசினாள்.

"இந்த புக்குல நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு பூச்சி நசுங்கி தட்டையா செத்துக் கெடக்கு. எனக்கு முன்னாடி யாரோ இதுவரைக்கும் படிச்சிட்டு பட்டுன்னு மூடியிருக்காங்க. ஏன் அவ்ளோ கோவமா மூடுனாங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் நான் முழுசாப் படிச்சேன். எனக்கும் கோவம் வந்துச்சு. நீங்களும் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது பீரோ, எண் எழுநூத்து அறுபது."

மறுநாள் 760-ஐக் கேட்டுப் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். பூச்சியைப் பார்க்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஆனாலும் வந்தார்கள். சாவியைத் தேடி எடுக்கும்போது எனக்கு என்ன தோன்றியது என்று நேராகவே சொல்கிறேன்: பொறாமை. இருபத்திரண்டு வருடமாக நான் வரலாறு நடத்துகிறேன். அடுத்து என்ன ஆயிற்று சார் என்று ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை.

4

இங்கே கதைசொல்லி தன் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம். நான் முன்கூட்டியே செய்துவிட்டேன், கதை எழுத ஆரம்பிப்பதற்குப் பத்து மாதம் முன்பே.

இவளுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? அப்பா உத்திராபதி மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் ஒரு வாரப் பத்திரிகைகூட வாங்குவதில்லை. (ஆட்டோக்காரர் மகள் என்பதால் சந்தேகித்தேனா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன் நானே அடைப்புக்குறிக்குள் கேட்டு வைக்கிறேன். பதில்: ஆமாம், அதுவும்தான்.)

இளவரசுதான் எழுதித் தருகிறாரோ என்று அவரையே கேட்டேன். சிரித்தார். "அது பேப்பரே எடுத்தாறதில்ல சார். மைக்கப் பாத்து, பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்டப் பேசற மாதிரி பேசுது." எழுதி வைத்துக்கொள்ளாமல் ஒருவர் சரியாகப் பேச முடியும் என்பதை நான் நம்பவில்லை. காகிதம் இல்லாத எதையும் நான் நம்பியதில்லை.

அதனால் ஒரு பொறி வைத்தேன்.

ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்றாவது பீரோ, எண் 1183, ஒரு நாவல். குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'கடைசி 14 பக்கங்கள் இல்லை.' அந்தப் புத்தகத்தைத் தைலம்மாளை விட்டு எடுக்கச் சொல்லி, திறந்துகூடப் பார்க்காமல் இசைவாணியிடம் கொடுத்தேன். "அடுத்த வாரம் இதப் பத்திப் பேசும்மா."

"சார் நீங்களே செலக்ட் பண்ணீங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வர்ணித்து நான்கு வரி எழுதினேன். நான்கையும் எடுத்துவிட்டேன். அவை உங்களை என் பக்கம் இழுப்பதற்காக எழுதப்பட்டவை.*

* நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் எங்கேயாவது ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து என்னை விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

5

செப்டம்பரில் பதிவு நடந்தது. ஒரு கிணற்றுக்காக ஏழு வருடம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி கதை. மூன்று நிமிடத்தில் அழகாகச் சொன்னாள். விதிப்படி முடிவைச் சொல்லவில்லை. "மூணாவது பீரோ, எண் ஆயிரத்து நூத்து எம்பத்து மூணு" என்று முடித்துவிட்டு மைக்கிலிருந்து நகர்ந்தாள்.

நான் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு கேட்டேன். "நல்லாருக்கும்மா. கடைசில என்னதான் ஆவுது?"

"கெணத்துல தண்ணி வத்திருது சார். அண்ணங்காரரு தூர் வார உள்ள எறங்கறாரு. வேற ஆளு இல்ல. தம்பிதான் மேல நின்னு கயித்தப் புடிக்கிறான். விட்டுருவானோ விட்டுருவானோன்னு பயந்துகிட்டே படிச்சேன் சார். விடல. ஆனா அண்ணன் மேல ஏறி வந்தப்பறமும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கும் ஒரு மாதிரி ஆயிற்று. பிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி அது. இல்லாத பக்கத்தை எப்படிப் படித்தாள்?

ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். இசைவாணியைக் கூப்பிட்டார்கள். இளவரசும் வந்தார். தலைமையாசிரியர் கேட்டார். நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"நீ முடிவப் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"ரெஜிஸ்டர்ல கடைசிப் பக்கமே இல்லேன்னு போட்டிருக்கே?"

"எனக்குத் தெரியல சார். புக்குல இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"புக்க எடுத்துப் பாருங்க சார்."

"எதுத்துப் பேசாத."

இந்தக் கடைசி இரண்டு வரிகளை மூன்று வரைவுகளில் விட்டுவிட்டேன். மறந்துபோய் அல்ல. அவை இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள் என்று பிள்ளையே சொல்கிறாள், இருபது அடி தூரத்தில் பீரோ இருக்கிறது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. யாராக இருந்தாலும் எடுத்துப் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. "ஒரு தடவ தொறந்து பாத்துருவமே சார்" என்று இளவரசு சொன்னபோது, "இது நான் எழுதுன ரெஜிஸ்டர், என் கையெழுத்து" என்றேன். தலைமையாசிரியரும் தலையாட்டினார். எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை ரெஜிஸ்டர்தான் முடிவு செய்யும். பொருளைக் கேட்கிற வழக்கம் இல்லை.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்தேன். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்வதும் திருட்டுதான் என்று ஐந்து நிமிடம் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. அறுநூறு பிள்ளைகளும் திரும்பி ஒன்பது பி வரிசையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இசைவாணி பதிவுக்கு வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். தீபாவளிக்குள் பாட்காஸ்ட் ஓய்ந்துபோனது. பீரோவுக்கு நிம்மதி.

6

இங்கே ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. ஊரில் பலா, முந்திரி, கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துவிட்டன. "நூலகத்தின் கூரை பெயர்ந்து, மூன்றாவது பீரோ மழையில் ஊறி, 1183 கூழாகிப் போனது. இனி உண்மை யாருக்கும்—"

வசதியான முடிவு. அழகும் இருக்கிறது. ஆனால் எங்கள் நூலகம் கான்கிரீட் கட்டடம். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்ததோடு சரி. புயலை இன்னொரு விதத்தில் மட்டும் பயன்படுத்திக்கொண்டேன். மே மாதம் உத்திராபதி டி.சி. வாங்க வந்தார்.

"புயல்ல வூட்டு ஓடு பூரா போயிடுச்சு சார். சிதம்பரத்துல மச்சான் வூட்டாண்டயே போயிடலாம்னு."

அப்பாடா, புயலால்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. எம்பொண்ணு இப்பல்லாம் பாடப் புத்தகம் தவுர வேற எதையுமே தொடறதில்ல. அப்படி என்னா சார் பண்ணுச்சு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சின்ன விஷயம்" என்றேன்.

7

சந்திரலேகா மேடம் பேசிய பிறகு இரண்டு நாள் பீரோவைச் சுற்றி வந்தேன். நம்பலாம் என்று சொன்னால் செப்டம்பரில் நான் செய்தது என்ன? நம்பக்கூடாது என்று சொன்னால் இரண்டாவது ஊரிலும் அவள் பெயர் கெடும். வியாழக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் திறந்தேன்.

1183 இருந்தது. மொத்தம் 212 பக்கம். 212இல் 'முற்றும்' என்று போட்டிருந்தது. ஒரு பக்கமும் குறையவில்லை. கடைசிப் பதினான்கு பக்கங்களை நின்றுகொண்டே படித்தேன். அண்ணன் கிணற்றில் இறங்குகிறான். தம்பி கயிற்றைப் பிடிக்கிறான். விட்டுவிடுவானோ என்று எனக்கும் பயமாக இருந்தது. விடவில்லை. மேலே வந்த பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் இருந்த 1182-ஐ எடுத்தேன். கோழி வளர்ப்பு. நோய்களைப் பற்றிய அத்தியாயத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றது. அதற்குப் பிறகு பின்அட்டைதான். ரெஜிஸ்டரில் 1182-க்கு நேரே குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. குறிப்பு ஒரு வரி கீழே இறங்கி 1183-க்கு நேரே உட்கார்ந்திருந்தது.

தைலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான் சரியாத்தான் சொன்னேன் சார். கோழிப் புக்குல கடைசிப் பக்கம் இல்லேன்னு சொல்லும்போதுதான் டீ வந்துச்சு. நீங்கதான் ஒரு கையில வடையப் புடிச்சிகிட்டே எழுதுனீங்க."

ஒரு வடையின் மேல் பழி போட முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. பிள்ளை அறுநூறு பேர் நடுவில் குனிந்த தலையோடு நின்றது ஒரு கோழிப் புத்தகத்துக்காக.*

* உங்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். இவன் இவ்வளவு விலாவாரியாகத் தன் தப்பை ஒப்புக்கொள்கிறானே, இதை எழுதுவதன் மூலம் வேறு எதையோ செய்யாமல் தப்பிக்கிறானா? சரியான சந்தேகம். விட்டுவிடாதீர்கள்.

8

இன்னொரு முடிவு, முழுதாக எழுதி வைத்திருந்தது:

"சிதம்பரம் கீழ வீதியில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். இசைவாணி என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் புத்தகத்தை நீட்டினேன். 'நீ சொன்னது சரிம்மா, சார்தான் தப்பு.' அவள் சிரித்தாள்—"

சிரித்தாள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் ஏன் சிரிக்க வேண்டும்? நான் எழுதியதாலா? என் கையெழுத்தை நம்பி ஒருமுறை பட்டது போதாதா?

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வகுப்பு உண்டு என்று விசாரித்து வைத்திருந்தேன். 1183-ஐ மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சந்திரலேகா மேடத்தைப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்து காட்டுவது, அவர் எதிரிலேயே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது என்று திட்டம். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். எழுதிக்கூட வைத்திருந்தேன். எழுதி வைக்காமல் எனக்குப் பேச வராது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கி டீக்கடையில் நின்றபோது போன் அடித்தது. சந்திரலேகா மேடம்.

"சார், நல்லாருக்கீங்களா? ரெண்டு நாள்னு சொன்னீங்க, நாலு நாளாச்சு. நீங்க சொல்றதுக்குத் தயங்கறீங்கன்னு புரிஞ்சிச்சு. அதான் நேத்து அவளையே கூப்பிட்டு நேராக் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா மேடம்?"

"ஒத்துகிச்சு சார். ஆமா மிஸ், முடிவப் படிக்காம நானாத்தான் சொன்னேன், சார் மேல தப்பு இல்லன்னு சொல்லுச்சு. கூட நின்ன எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு, அது அழக்கூட இல்ல. இந்த வயசுல செஞ்ச தப்ப ஒத்துக்கறதுன்னா சும்மாவா? அந்த நேர்மைக்காகவே பொறுப்ப அதுகிட்டயே குடுத்துட்டோம். திங்கக்கெழமை பிரேயர்ல அதுதான் மொத புக்கப் பத்திப் பேசுது. நீங்க ஒரு வார்த்தை, ஆமா அப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா எங்க ஹெச்.எம்.முக்கும் திருப்தி."



9

இது நான் திட்டமிட்ட கதை அல்ல. என் கதையில் பொய் சொன்னது ரெஜிஸ்டர். பிள்ளை பொய் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டாள். நான் இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் இழுத்ததில், முதல் முறையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னபோது கிடைத்ததும் அவளுக்குத் தெரியும், பொய்யைச் சொன்னபோது கிடைத்ததும் இப்போது தெரியும்.

நான் உண்மையைச் சொன்னால், நேர்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் நேற்று டீச்சரிடம் பொய் சொன்னவள் ஆகிறாள். திங்கட்கிழமை மைக் அவளுக்கு இல்லாமல் போகலாம். ஆமாம் என்று சொன்னால் மைக் அவளுக்கு, நற்பெயர் எனக்கு. படித்த புத்தகத்தைப் படிக்கவில்லை என்று சொன்னவளாக அவள் காலம் முழுக்க இருப்பாள். அவள் நலனுக்காக மௌனமாக இருந்தேன் என்று நான் அருமையாக ஒரு பக்கம் எழுதுவேன். எழுத எனக்கு வரும். அதுதான் பயமாக இருக்கிறது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

அடுத்து நான் சொன்னதை எழுதப் போவதில்லை. எழுதினால் நல்ல பதிலாகத்தான் எழுதியிருப்பேன், நீங்களும் பெருமூச்சு விட்டு மூடிவைத்துவிடுவீர்கள். பள்ளிக்கூடம் இங்கிருந்து பத்து நிமிட நடை. கடலூர் பஸ் எதிரே கிளம்புவதற்கு ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது. மேடம் காத்திருக்கிறார். போனை உங்களிடம் கொடுக்கிறேன், நீங்கள் பேசுங்கள். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை அந்த மைக் முன்னால் போய் நிற்கப் போகிறவள் அவள்.